எல்லாப் பொம்மையும் ரோஸ் கலரா இருந்தா எப்படி?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்க் கடைகளில் (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) பொம்மைக் குடும்பம் கேட்டால், ரோஸ் தோலும் மஞ்சள் முடியுமாகத்தான் எடுத்துப் போடுவார்கள். விளையாட்டுச் சிகிச்சை அறைக்கு (விளையாட்டு வழியாகவே குழந்தையின் மனக்கஷ்டத்தை ஆற்றும் இடம்) அது உதவாது. வீட்டில் நடந்ததைக் குழந்தை நடித்துக் காட்ட, பொம்மையில் அம்மாவோ மாமாவோ தெரிய வேண்டும். நாமே தைத்துவிடலாம்.

காடாத்துணியை இரவு முழுக்க ஊறவைத்துக் கஞ்சி போக அலசுங்கள். கஞ்சி நின்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 6 ஸ்பூன் டஸ்ட் டீயைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஈரத்துணியை முக்குங்கள். கால் மணியில் கோதுமை நிறம், ஒரு மணி நேரத்தில் மாநிறம். காய்ந்தால் வெளுக்கும், அதனால் சற்றுக் கூடுதலாகவே ஏற்றுங்கள். கறுப்புக்கு டீ போதாது. காப்பிக்கொட்டை நிறப் பாப்ளின் வாங்கிவிடலாம். தலைக்கும் கைக்கும் ஒரே முக்கலில் எடுத்த துணிதான், இல்லையென்றால் தேமல் மாதிரி தெரியும்.

கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், வாண்டுகள் பிய்த்து வாயில் போடும், நூலால் தையுங்கள். வாய் நேர்கோடாக இருக்கட்டும். சிரிக்கிற பொம்மையை அழவைப்பது குழந்தைக்குக் கஷ்டம். பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் சுருண்டே வரும், சுருட்டை முடிக்கு அதுவே. உடுப்பில் தோளில் தோர்த்து (துண்டு) போட்ட நைட்டி கட்டாயம்; இந்தப் பக்கம் அம்மா என்றாலே அதுதானே.

குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் தைப்பதுதான் பெரிய பிசகு. நம் வீடுகளில் அக்கா கறுப்பு, தம்பி சிவப்பு. வம்பே அங்கேதான் ஆரம்பம். மூன்று நிறத்திலும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஏழேழு வேண்டும், குழந்தை கலந்துகொள்ளும். இருக்கிற ஒரே கறுப்புப் பொம்மைக்குத் திருடன் வேஷமும் போட்டால் எல்லோரும் அதையே அடிப்பார்கள். போலீஸ், டாக்டர் உடுப்பெல்லாம் எதற்கும் மாட்டும்படி வெல்க்ரோ வையுங்கள்.

1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் நிறத்தில் மட்டும் மாறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, எது நல்லது, எது கெட்டது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையையே நல்லதென்றார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்ற பிரிவினைக்கு எதிராக 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வரை அந்த ஆய்வு போனது. ஆனால் அது ஆராய்ச்சி. சிகிச்சை அறையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ‘இந்தா, உன்ன மாதிரியே இருக்கு’ என்று நீட்டுவதும் கூடாது. குழந்தை கறுப்புப் பொம்மையை மணலில் புதைக்கிறதா? ‘இத மண்ணுக்குள்ள வெச்சுட்ட’ என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பொம்மை யாரென்று குழந்தை சொல்லும்வரை ‘அக்கா’ என்ற வார்த்தை நம் வாயில் வரக்கூடாது.