90ஆம் நாள்

தமிழில் ‘ஏமாற்றம்’ என்ற ஒரே சொல், பிறர் நம்மை வஞ்சிப்பதையும் நாம் நினைத்தது நடக்காமல் போவதையும் சேர்த்தே குறிக்கிறது. நானும் வெகுகாலம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். நினைத்தது கைகூடாதபோதெல்லாம், யாரோ எனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டதைப் போலக் கோபம் கொண்டேன். அந்தக் குழப்பத்தை விலக்கியது என் அப்பாவின் வலது கை.

பக்கவாதம் கண்டு அவர் வீடு திரும்பியபோது, முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் மிகுதியாக இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாதங்களில் கை சரியாகிவிடும் என்று அதை நானாகப் பொருள்படுத்திக்கொண்டு, நாட்காட்டியில் 90ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். அப்பா தினமும் காலையில் ஒரு ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார், நான் எண்ணுவேன்.

அந்த நாளும் வந்தது. பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். விரல்கள் பேனாவைச் சுற்றி மெல்ல மடங்கின. முனை காகிதத்தில் ஒரு சிறு கோட்டை இழுத்தது. பிறகு பேனா நழுவி விழுந்தது. அப்பா பேனாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எழுத முடியாமல் போனதைவிட, அங்கே கண்டதுதான் அவரை அதிகம் வருத்தியது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

89ஆம் நாளிலும் அந்தக் கை அப்படியேதான் இருந்தது; அன்று நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஓரிரவில் கையில் எதுவும் கெடவில்லை. நான் வைத்த கெடு முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய சோதனைகளைப் பற்றி அப்போதுதான் படித்தேன். ஒரு சமிக்ஞைக்குப் பின் பழச்சாறு கிடைக்கும் என்று பழகிய குரங்குக்கு அது கிடைக்காமல் போனால், சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்திலேயே வெகுமதியோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களின் இயக்கம் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது. குரங்கிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. ஆனாலும் இழப்பு உடலில் பதிந்துவிடுகிறது. ஏமாற்றத்தில் துவண்டவரை மனவலிமை இல்லாதவர் என்று கடிந்துகொள்வது எவ்வளவு அநியாயம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

எதையும் எதிர்பார்க்காமல் இருந்தால் ஏமாற்றமே இருக்காது என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். அன்புடன் சொன்னார்கள் என்றாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. எதையும் எதிர்பார்க்காத மனிதர் காலையில் எழுந்து அந்தப் பந்தைக் கையில் எடுக்கவே மாட்டார். எதிர்பார்ப்பு ஒரு நாளையும் ஒரு வடிவத்தையும் கேட்கிறது. நம்பிக்கைக்கு அடுத்த முயற்சி இருந்தால் போதும். வியட்நாம் போரில் 1965 செப்டம்பரில் சிறைப்பட்டு 1973 பிப்ரவரியில்தான் விடுதலையான அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், கிறிஸ்துமஸுக்குள் வெளியேறிவிடுவோம் என்று நாள் குறித்து நம்பியவர்களே மனமுடைந்து போனார்கள் என்று பின்னாளில் கூறினார். மீள்வோம் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. அன்றன்றைய கொடுமையை அவர் தமக்குத் தாமே மறைத்துக்கொண்டதும் இல்லை.

இதற்கிடையில் அப்பா இடது கையால் கையெழுத்திடப் பழகிவிட்டார். அது எனக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வதாகப் பட்டது; அவருக்கோ, வேலை நடந்தாக வேண்டும் என்ற இயல்பான எண்ணம் மட்டுமே இருந்தது. இடது கை எழுதும், வலது கை பந்தை அழுத்தும். இரண்டுக்கும் அவரிடம் இடம் இருந்தது.

நாட்காட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்திருக்கிறேன். கை அன்றன்று என்ன செய்தது என்பதை மட்டும் அதில் எழுதுகிறோம். நேற்றைய வரியை அப்பாவே இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: ‘கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. இரண்டு முறை.’