காளானில் ஒட்டியிருக்கும் கறுப்பு

மொட்டுக் காளான் டப்பாவைப் பிரித்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது தண்டில் ஒட்டியிருக்கும் கறுப்புதான். அது கோழி எருவில் வளர்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து இன்னும் மோசம். மஞ்சள்தூள், கல்லுப்பு போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மைதா போட்டுத் தேய்த்து, தோலையும் உரித்துவிட்டுத்தான் வாணலியில் போடுவேன். வதங்கவே வதங்காது, தண்ணீர் விட்டுக்கொண்டு ரப்பர் மாதிரி வெந்துகொண்டிருக்கும்.

போன வருஷம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்த வேகத்தில் வீட்டிலேயே சிப்பிக் காளான் போட்டேன். மொட்டுக் காளானுக்கு அறுவடை நேரத்தில் 15 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும், நம் சூட்டுக்கு ஏசி இல்லாமல் ஆகாது. சிப்பிக்கு வைக்கோலும் ஈரச்சாக்கு கட்டிய ஒரு சின்ன அறையும் போதும்.

வைக்கோலை 2 அங்குலத் துண்டுகளாக வெட்டி, 5 மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் 1 மணி நேரம் வேகவைக்க வேண்டும். இதுவரை யாரும் செய்துவிடலாம். வெந்த வைக்கோலை உலர்த்துவதில்தான் எல்லாமே இருக்கிறது: கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். நான் பொழுது போகிறதே என்று அவசரப்பட்டு, சொட்டச் சொட்டப் பையில் அடைத்தேன். ஒரே வாரத்தில் 4 பையில் 3 பையின் அடியில் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்த மாதிரி பச்சைப் பூஞ்சை. அந்த வாடைக்கு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏங்கண்ணு, இதையா திங்கப் போறோம்?” என்றார்.

இரண்டாம் தடவை நிழலில் பொறுமையாக உலர்த்தினேன். வைக்கோல் ஒரு அடுக்கு, அதன்மேல் ஓரமாக காளான் விதை (சோளத்தில் வளர்த்த காளான் இழை, வெள்ளையாகப் பூத்திருக்கும்), மறுபடி வைக்கோல், இப்படி அடுக்கிக் கட்டி, பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டேன். 18ஆம் நாள் பை முழுக்கப் பஞ்சு மாதிரி வெளுத்துவிட்டது. பாலித்தீனைக் கிழித்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்த நாலாம் நாள் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள், அப்புறம் மூன்றே நாளில் கொத்துக் கொத்தாக விரிந்தன. இடையில் ஒருதரம் ஊருக்குப் போய் அறுவடையை இரண்டு நாள் தள்ளிப்போட்டதில், ஓரமெல்லாம் மேலே சுருண்டு, கீழ்ப்பையில் வெள்ளைத் தூள் கொட்டியிருந்தது. காளானின் வித்துத்தூள் அது. கதவைத் திறந்ததும் வந்த இருமல் மாலை வரை நிற்கவில்லை.

காலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே பறித்தால் சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லை. அடித்தண்டில் ஒட்டிய வைக்கோல் துணுக்கைக் கத்தியால் சீவிவிட்டு, கையால் கிழித்துப் போட வேண்டியதுதான்.

மொட்டுக் காளான் கறுப்பும் அந்தப் பயிற்சியில்தான் புரிந்தது. வைக்கோலையும் எருவையும் வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டி மட்கவைத்து, 60 டிகிரி வாக்கில் சூடேற்றிக் கிருமி நீக்கியபிறகுதான் விதையே போடுகிறார்கள். அதற்கும் மேலே தென்னைநார்க் கழிவு மாதிரி ஒன்றைத் தனியாகச் சுத்தம் செய்து மேல்மண்ணாகப் பரப்புகிறார்கள். காளான் முளைத்து வெளியே வருவது அதிலிருந்துதான். நான் இத்தனை நாள் எரு என்று அருவருத்துத் தேய்த்தது இந்த மேல்மண்ணை!

இப்போது குழாயடியில் காட்டி, விரலால் ஒரு தேய், உடனே துணியில் ஒற்றல், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்குமே என்று தராசில் வைத்தும் பார்த்தேன், 200 கிராம் காளான் 206 ஆனது. காளானே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், இந்த 6 கிராம் ஒரு கணக்கா? வெந்நீரில் பாதி வேகவைத்ததும், ஈரத்தோடு வாணலி நிறைய அள்ளிப்போட்டதும், தொடக்கத்திலேயே உப்புப் போட்டதும் சேர்ந்துதான் ரப்பர் ஆகியிருக்கிறது. நன்றாகக் காய்ந்த வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓரம் சிவந்தபிறகு உப்பும் மிளகும் போட்டால் கறி தோற்றுவிடும்.

அம்மா கையில் கொடுத்தால் மட்டும் இன்றைக்கும் மஞ்சள்தூள் டப்பாவைத்தான் முதலில் தேடுகிறார்.