மச்சாள் முறையும் தங்கச்சி முறையும்

அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சாள், மச்சான். அப்பம்மா, அம்மாவின் தகப்பனுக்குக் கூடப்பிறந்த அக்கா. சுன்னாகத்தில் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரே வேலி. கலியாணத்துக்குப் பிறகு ஆள் போய்வர அதில் ஒரு பொட்டு விட்டார்கள். அப்பா பொம்பிளை வீட்டுக்குப் போன தூரம் அவ்வளவுதான். சீதனக் காணியும் வெளியில் போகவில்லை.

அதனால் என் தம்பியின் மகள் ஒஸ்லோவிலும் தங்கச்சியின் மகன் கொக்குவிலிலும் வளர்ந்தாலும், அம்மாவின் கணக்கில் அது எப்போதோ முடிந்த சம்பந்தம். "உரிமைப் பொடியன் இருக்க வெளியில ஏன் தேடுவான்?" இதற்கிடையில் 2024இல் நோர்வே நாடாளுமன்றம் இப்படிப்பட்ட கலியாணங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. தம்பி வட்ஸ்அப்பில் எடுத்துச் சொன்னபோது அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளைக்காரனுக்கு முறை தெரியுமே?"

கோபத்தில் கேட்டாலும் அது கேட்கவேண்டிய கேள்வி. மாமாவின் பிள்ளை, மாமியின் பிள்ளை, பெரியப்பா சித்தப்பா பிள்ளை, பெரியம்மா சின்னம்மா பிள்ளை: நோர்வேக்கு இந்த நாலும் ஒன்று. எங்களுக்கு முதல் இரண்டும் கட்டுகிற முறை. மற்ற இரண்டும் சகோதரம், வாயால் சொல்வதே பாவம்.

என்னோடு படிப்பிக்கும் இளவாலை டீச்சர் கத்தோலிக்கம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் நாலையும் ஒன்றாகவே தடுக்கிறது. ஆனால் விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். அவவின் மாமா அப்படி வாங்கித்தான் தன் மச்சாளைக் கட்டினாராம். யாக்கோபு கட்டிய லேயாளும் ராகேலும் தாய்மாமன் லாபானின் பெண்கள்தானே என்று கேட்டேன். "அது பழைய ஏற்பாடு" என்று சிரித்தா.

ஐந்து சந்தியடியில் இருக்கிற என் தோழி, 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போய், பிறகு திரும்பி வந்தவ. குர்ஆன் மணமுடிக்கக்கூடாத உறவுகளைச் சொல்லும் இடத்தில் இந்த நாலில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் கட்டக்கூடாது. அப்படியென்றால் சாச்சி, அதாவது சின்னம்மாவின் மகனையும் கட்டலாமா என்று கேட்டேன். "மார்க்கத்தில தடை இல்ல. ஆனா சின்னதில இருந்து காக்கா எண்டு கூப்பிட்ட ஆள எப்பிடிக் கட்டுறது?" காக்கா என்றால் அவர்களிடம் அண்ணன். அவவின் மாப்பிள்ளையும் மாமியின் மகன்தான்.

இந்தப் பதிலை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். வேதம் வேறு, ஆனால் முறை எங்களுடையதே. சிங்களவரிடமும் மச்சான் மச்சாள் கலியாணம் மரபு. மகாவம்சக் கணக்கில் சித்தார்த்தரும் யசோதரையும் இரண்டு பக்கத்தாலும் மச்சான் மச்சாள். சுத்தோதனரின் சகோதரி யசோதரையின் தாய், மாயாதேவியின் சகோதரன் தகப்பன். சுத்தமான மாற்றுச் சம்பந்தம்! கந்தபுராணத்தில் வள்ளியும் தெய்வயானையும் திருமாலின் மக்கள், அதாவது முருகனுக்கு மாமன் பெண்கள். வட இந்தியாவில் பெரும்பாலான இந்துக்களுக்கோ இந்த நாலும் சகோதரம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் வழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

நான் உயிரியல் படிப்பிக்கிறவள். மரபணுவுக்கு முறை தெரியாது. மாமியின் மகளோ சின்னம்மாவின் மகளோ, இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று. இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பிறவிக் குறைபாடு சொந்தமில்லாதவர்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய 3 சதவீதம், இப்படிச் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் 6 சதவீதம். நூற்றில் தொண்ணூற்று நாலு பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பதும் இதே கணக்குத்தான். என்னையும் அதில் சேர்க்கலாம். எனக்குப் பயம் மாற்றுச் சம்பந்தத்தில். அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டி, அவர்களின் பிள்ளைகளும் தங்களுக்குள் கட்டினால், அந்தப் பங்கு நாலில் ஒன்று. தமிழ்நாட்டில் சிலர் தாய்மாமனையே கட்டுவதைக் கேட்டு நாங்கள் முகம் சுளிக்கிறோமே, அதே அளவு. சாதகமும் செவ்வாயும் பார்க்கிற நாங்கள் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு ஒரு பரிசோதனை செய்தால் என்ன குறைந்துபோகும்?

விரும்பிக் கட்டுகிற இரண்டு வளர்ந்த பிள்ளைகளைச் சட்டம் போட்டுத் தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உரிமை என்று சொல்லி விருப்பமில்லாத பிள்ளையைக் காணிக்காகக் கட்டிவைப்பதை அதைவிடக் கடுமையாக எதிர்ப்பேன். இந்த ஊரில் அப்படிக் கட்டி, வாய் திறக்காமல் ஒரு ஆயுள் முழுக்க இருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

அதனால் மருமகளிடம் நானே நேரே கேட்டேன். "மாமி, அவர் எனக்கு அண்ணா மாதிரி" என்றாள். முறை தெரிந்த வீட்டுப் பிள்ளை மச்சானை அண்ணா என்பதா என்று அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. நான் தங்கச்சி வீட்டுக்குப் போய், சாதகத்தை வேறு இடத்துக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பெடியன் கேட்டுக்கொண்டு நின்றவன், எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தான்.