பெத்தா சொன்ன ஓம்

"ஒலிப்பதிவு" என்று நான் சொன்னதும் நீரிழிவுக் கிளினிக்குக்கு வந்த அந்தப் பெத்தா, எங்கள் பக்கத்துப் பேச்சில் பாட்டி, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த சின்னப் பையை அவிழ்த்தார். அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "பதிவுக்கு இதுதானே மனே வேணும்?"

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பதிவு என்ற சொல் லேசான சொல் அல்ல. நிவாரணத்துக்குப் பதிவு, முகாமில் பதிவு, காணாமல் போன பிள்ளைக்காக வந்த ஆணைக்குழுக்களிடமெல்லாம் பதிவு. எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கை அட்டையை நீட்டிப் பழகிய கை. என்னிடம் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த இரண்டு பக்கச் சம்மதப் படிவம் இருந்தது. "இவ்வாய்வில் பங்குபற்றுவது முற்றிலும் உங்கள் விருப்பத்திற்குரியது" என்று தொடங்கும். அதை வாசித்துக் காட்டினேன். பெத்தா ஒவ்வொரு வரிக்கும் "ஓம்", அதாவது ஆமாம், என்றார். அட்டையைத் திருப்பி எடுக்கவே இல்லை.

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு மாதிரிச் சொன்னேன். "பெத்தா, நாம ரெண்டு பேரும் கதைக்கிறத இந்தச் சின்ன மெஷின் கேட்டு வச்சிருக்கும். மிஸ்மார் நோயாளிகளோட எப்பிடிக் கதைக்கிறாங்க எண்டு நான் பிறகு கேட்டுப் படிப்பன். உங்கட பேர் எங்கயும் வராது. காசு, சாமான் ஒண்டும் கிடைக்காது. வேணாமெண்டா வேணாம், மருந்து அதே மருந்துதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, கேட்கட்டும்" என்றார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது அட்டை உள்ளே போன அந்தக் கணத்தைத்தான்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பதினொரு வருடம் தாதியாக வேலை செய்துவிட்டு இப்போது பட்டப்பின் படிப்புக்காக இந்த ஆய்வைச் செய்கிறேன். நீரிழிவுக் கிளினிக்கில் தாதியும் நோயாளியும் கதைப்பதைப் பதிந்து, ஒரு சொல் விடாமல் எழுதி, எந்த இடத்தில் விளக்கம் தவறுகிறது என்று பார்க்க வேண்டும். மற்ற மிஸ்மாரின், அதாவது தாதியரின், குரலைப் பதிய முதல் என் குரலைப் பதிந்து பார்ப்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். பெத்தாவோடு செய்தது அந்த ஒத்திகைப் பதிவு. ஆறு நிமிடம்.

அன்று இரவு யாராவது கேட்டிருந்தால், அவரோடு ஆறுதலாக, நன்றாகக் கதைத்தேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது. நான் எழுதியதில் ஒரு துண்டு:

நான்: காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு. சாப்பிட்டாப் பிறகு போடணும். விளங்கிச்சா?
பெத்தா: ஓ::ம் (0.6) காலையில [நான்
நான்: [வெறும் வயித்தில போடக் கூடாது, என்ன?
பெத்தா: °ஓம்°

இந்தக் குறியீடுகள் கெயில் ஜெபர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கியவை. முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளி இழுத்துச் சொன்னதற்கு. அடைப்புக்குள் இருக்கும் எண், செக்கனில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்த மௌனம். சதுர அடைப்பு, இரண்டு பேர் ஒன்றாகப் பேசிய இடம். சின்ன வட்டங்களுக்கு நடுவில் வருவது தணிந்த குரல். பேச்சைப் பதிந்து நுணுக்கமாக ஆராயும் இந்தத் துறையை, உரையாடல் பகுப்பாய்வை, தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவரான ஹார்வி சாக்ஸ் 1960களில் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு தற்கொலைத் தடுப்பு நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளைக் கேட்டுத்தான் இந்த வழிக்கு வந்தார். உதவி கேட்டு வந்தவர் எந்தச் சொல்லில் தயங்கினார், பதில் சொன்னவர் எந்த இடத்தில் அதைத் தவறவிட்டார் என்பது பதிவு இருந்தால்தான் தெரியும். ஞாபகத்தை நம்ப முடியாது. என் ஞாபகம் பிழை என்பதற்குச் சாட்சி அந்த நான்கு வரி.

"காலையில நான்" என்று பெத்தா அந்த ஆறு நிமிடத்துக்குள் மூன்று தரம் தொடங்கியிருந்தார். மூன்று தரமும் மேலே ஏறிப் பேசியது என் குரல். அன்பான குரல்தான். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

எழுதும்போது நோயாளிக்கு ஆபத்தான ஏதாவது தெரிய வந்தால் என்ன செய்வது என்று ஆய்வுத் திட்டத்தில் முதலே எழுதியிருந்தோம். அவரிடம் சொல்லி, அவர் விருப்பத்தோடு கிளினிக் டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் அது ஆபத்தா இல்லையா என்றே அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த கிளினிக்கில் பெத்தாவைப் பிடித்துக் கேட்டேன். "அண்டைக்கு காலையில நான் எண்டு என்னவோ சொல்ல வந்தீங்க பெத்தா. நான்தான் விடல்ல. என்னது?"

"காலையில நான் சாப்பிடுறல்லையே மனே. பிளேன்ரியும் ரெண்டு பிஸ்கட்டும்தான். சாப்பிட்டாப் பிறகு போடச் சொன்னீங்க. அப்ப காலைக் குளிசைய எப்பிடிப் போடுற?"

சாப்பாடு என்றால் அவருக்குச் சோறு. எனக்கும் அப்படித்தான், என் அம்மாவுக்கும் அப்படித்தான். "சாப்பிட்டீங்களா" என்று யாராவது கேட்டால் பாண் தின்ற ஆள் "இன்னும் இல்ல" என்றுதான் சொல்லும். இருந்தும் பதினொரு வருடமாக "சாப்பிட்டாப் பிறகு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். பெத்தாவின் கிளினிக் கொப்பியில் சீனி கூடிக்கொண்டே போனது. பக்கத்தில், மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் சொல்லை எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்த மனுசி அவர். டொக்டரிடம் கேட்டு, பிஸ்கட்டுக்குப் பிறகும் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தோம். அந்தக் கொப்பியில் இருந்த வரியை வெட்டச் சொல்லிக் கேட்டேன். வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஓம் என்ற சொல்லை நான் விடுவதில்லை. எழுத்தில் அது எப்போதும் ஒரே ஓம். காதில் அப்படி இல்லை. "விளங்கிச்சு" என்கிற ஓம் சட்டென்று விழும். "சொல்லுங்க, கேட்டுக்கொண்டு இருக்கன்" என்கிற ஓம் தட்டையாக, நம் பேச்சுக்கு அடியில் ஓடும். "நீங்க பெரிய ஆக்கள், நான் என்ன சொல்ல" என்கிற ஓம் தணிந்து வரும், அதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் இருக்கும். மூன்றாவது ஓம்தான் நாங்கள் அடிக்கடி விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வது. சான் பிரான்சிஸ்கோவில் 38 வைத்தியர்கள் நீரிழிவு நோயாளிகளோடு கதைத்ததைப் பதிந்து 2003இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. புதிதாகச் சொன்ன விடயங்களில் 12 சதவீதத்தில்தான் நோயாளிக்கு நினைவிருக்கிறதா, விளங்கியதா என்று வைத்தியர் கேட்டுப் பார்த்திருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது.

இன்னொரு ஆய்வு என்னை நிறைய யோசிக்க வைத்தது. உரையாடல் பகுப்பாய்வாளர் ஜோன் ஹெரிட்டேஜும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்டது. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நோயாளியிடம் கேட்கும்போது ஆங்கிலத்தில் சில வைத்தியர்கள் "எனிதிங்" என்றும் சிலர் "சம்திங்" என்றும் கேட்டார்கள். கேள்வியே கேட்காததோடு ஒப்பிட்டால், "சம்திங்" என்று கேட்டபோது குறை சொல்லப்படாமலே போவது 78 சதவீதம் குறைந்தது; "எனிதிங்" என்று கேட்டதில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. தமிழில் இரண்டும் "ஏதாவது"தான், அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது: "வேற ஒண்டும் இல்லதானே?" என் பதிவுகளில் இது நிறைந்து கிடக்கிறது. கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுக்கிறோம். பின்னால் நூறு கொப்பி காத்திருக்கும்போது "இல்ல மிஸ், இருக்கு" என்று எங்களை மறுத்துப் பேச ஒரு நோயாளிக்கு எவ்வளவு துணிவு வேண்டும். இப்போது நான் "வேற என்ன சொல்ல இருக்கு?" என்று கேட்கிறேன். இருக்கிறது என்றே வைத்துக் கேட்பது.

மிஸ்மாரின் பயத்தையும் சொல்ல வேண்டும். பதிவு மேட்ரனிடம் போகுமா, இடமாற்றத்துக்குக் காரணமாகுமா என்று கேட்டார்கள். கேட்டதில் பிழையே இல்லை. யாருக்கும் கொடுக்க மாட்டேன், எப்போது சொன்னாலும் அழிப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவர் மறுநாளே வந்து அழிக்கச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அது நல்ல பதிவு, இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

அம்பாறைப் பக்கம் ஒரு வாட்டில் தெற்கிலிருந்து வந்த சிங்கள மிஸ் ஒருவர் இருந்தார். தமிழ் கொஞ்சம்தான். "எங்க நோகுது?" என்று கேட்டுவிட்டு, பதில் விளங்க அவருக்கு நேரம் வேண்டும் என்பதால் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த இடைவெளியில் நோயாளிகள் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கையை வைத்தும் காட்டுவார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்த எங்களிடம் அவ்வளவு சொன்னதில்லை. நாங்கள் "நோவா? சரி" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

இப்போது பதினேழாவது பதிவில் நிற்கிறேன். நடுத்தர வயது ஆள், வயல் செய்பவர். காலில் புண் இருக்கிறதா என்று மிஸ் கேட்கிறார், இல்லை என்கிறார். தினமும் காலைக் கழுவிப் பார்ப்பீர்களா என்று கேட்கிறார். 0.8 செக்கன் மௌனம். பிறகு ஒரு ஓம், அதோடு ஒரு மூச்சு. மின்விசிறிச் சத்தம் வேறு. இருபது தரத்துக்கு மேல் கேட்டுவிட்டேன். நிச்சயமாகக் கேட்காததை ஜெபர்சன் முறையில் வளைவு அடைப்புக்குள் போட வேண்டும். அதனால் (ஓம்) என்று எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிளினிக். செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டச் சொல்லலாமா என்று அந்த மிஸ்ஸோடு கதைத்திருக்கிறேன்.