கத்திரி வெயிலில் காலை ஓட்டம்

மே 4
இன்று கத்திரி ஆரம்பம். பெசன்ட் நகர் கடற்கரையில் விடியும் முன்பே கூட்டம். காற்று அசையவில்லை, பத்தே நிமிடத்தில் சட்டை தொப்பலாகிவிட்டது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை. தோலிலிருந்து ஆவியாகிப் போவதுதான் சூட்டை இறக்கும். கடலோரப் புழுக்கத்தில் அதுதான் நடக்க மாட்டேன் என்கிறது. அதனால் 30 டிகிரிதானே என்று சென்னைக்காரர்கள் அசட்டையாக இருக்கவே கூடாது.

மே 8
வேகக் கணக்கை விட்டுவிட்டேன். கடிகாரத்தில் நாடித்துடிப்பை மட்டும்தான் பார்க்கிறேன். மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்குத்தான் ஓட்டம். வெயில் காலத்தில் இதயத்துக்கு இரட்டை வேலை: காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். "டைமிங் எல்லாம் போயிடுச்சே அக்கா" என்று கூட ஓடும் பெண் வருத்தப்பட்டாள். போகட்டும்டி என்றேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானையே வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய வீரர்களுக்கே அப்படி என்றால் நாம் எந்த மூலை?

மே 12
அப்பா சாயங்காலம் நாலரைக்கு நடக்கப் போகிறவர். பிரஷருக்கு அவர் சாப்பிடுவது நீர் பிரியும் மாத்திரை. வெயிலும் அதுவும் சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் சட்டென்று குறைந்துவிடும். டாக்டரிடம் கேட்டோம். மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது, பிரஷரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "காலையில என்கூட வாங்கப்பா" என்றேன். "பால் வாங்கி வெச்சிட்டு வரேம்மா" என்றார். சரி, அதுவே போதும்.

மே 16
ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முக்கால் கிலோ குறைந்திருக்கிறது. அத்தனையும் தண்ணீர்தான், கொழுப்பு என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், இஞ்சி தட்டிப் போட்டு. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். மோர் பிடிக்காதவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுப்படி கலக்கிக் குடிக்கலாம்.

மே 20
இன்று மனசு பதறிவிட்டது. வெயில் ஏறிய பிறகும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன் தள்ளாடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். பேர் கேட்டால் சம்பந்தமில்லாமல் குழறுகிறான். ஒருவர் தண்ணீர் பாட்டிலை அவன் வாயில் வைக்கப் போனார், தடுத்தேன். நினைவு தடுமாறுகிறவருக்கு ஊற்றினால் புரையேறிவிடும். தண்ணீரைத் தலையிலும் உடம்பிலும் ஊற்றச் சொன்னேன். இதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிட்டுவிட்டார். மீன் விற்கும் அம்மா ஐஸ் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஐஸைத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம், இரண்டு பேர் விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண்ணைத் திறந்து "அம்மா எங்கே" என்று தெளிவாகக் கேட்டான். வெப்பத்தாக்கில் முதலில் குளிர வைக்க வேண்டும், ஆஸ்பத்திரி அதற்கப்புறம்தான். அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர்.

மே 24
உடம்பு பழகிவிட்டது. இதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். வியர்வை முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது, உப்பும் குறைவு. கண்ணில் வழிந்தால் இப்போது எரிவதில்லை. அதே நாடித்துடிப்பில் கால் கொஞ்சம் வேகமாகவே போகிறது. ஒரு வாரம் ஏசி அறையிலேயே கிடந்தால் இந்தப் பழக்கம் கரைய ஆரம்பித்துவிடும். அதனால் ஊருக்குப் போனாலும் ஷூவை எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். அப்பாவும் தன்னுடையதை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.