கச்சானும் கஜுவும்

2024 ஜூன் 4, செவ்வாய்

பார்மசித் தராசில் பிள்ளை 15.2 கிலோ. போன மாதம் 15. ஆகவே கோடு இன்னும் 0.15தான். ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சை எடுத்து அந்தக் கோட்டின் மேல் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். அது காயும்வரை ஒருவரையும் கிட்ட விடவில்லை. ஒவ்வாமை கடுமையானால் குத்தும் அட்ரினலின், ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அம்பியூலில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம். கணக்கு லேசு. கைதான் நடுங்குகிறது.

இரவு தோடம்பழத்தில் குத்திப் பழகினேன். அம்பியூலின் கழுத்தில் ஒரு புள்ளி இருக்கும். அது நம்மைப் பார்க்கும்படி பிடித்து மறுபக்கமாக முறிக்க வேண்டும். முதலாவது நொறுங்கிப் பெருவிரலில் ரத்தம். இரண்டாவது சரியாக முறிந்தது. முறித்து, இழுத்து, காற்றைத் தள்ளி, குத்தி முடிக்க ஒரு நிமிடம் நாற்பது செக்கன். இவர் போனில் நேரம் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார்.

அன்று கஜு போட்ட பாயசத்துக்கும் பிள்ளையின் உதடு வீங்கியதற்கும் இடையில் ஏழு நிமிடம்.

ஜூன் 5

மேசையில் வைத்த தோடம்பழத்தை மாமி உரித்துச் சாப்பிட்டுவிட்டா. அட்ரினலின் வாயால் போனால் ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனாலும் பத்து மணிவரை அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பிள்ளை, என்ர முகத்தில என்ன?" என்றா. சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கண்டிக்குப் போன மச்சாள் வரும் வழியில் கஜுகமவில் இறங்கி ஒரு கிலோ கஜு வாங்கி வந்திருக்கிறா. வறுத்தது, மிளகாய்த்தூள் போட்டது. வாசலிலேயே வாங்கி, பையோடு கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து கை கழுவினேன். ஒருமுறை அல்ல, நாலுமுறை. மச்சாளின் முகம் சுருங்கியது. இன்றைக்கு எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

மாமியிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. கத்தரிக்காய் கரப்பான், இறால் கரப்பான், கருவாடு கூடவே கூடாது. பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் சொறி வந்த நாளிலிருந்து அதைக் காத்து வருகிறா. ஒருநாள்கூடப் பிசகியதில்லை. அவவைச் சாப்பாட்டில் கவனமில்லாதவ என்று நான் சொன்னால் அது பொய். அவவின் பட்டியலில் கஜு இல்லை, அவ்வளவுதான். கஜு சத்து. கொஞ்சம் கொடுத்தால் என்ன.

இந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லை எங்கே கேட்டாலும் வயிறு பிசைகிறது.

ஜூன் 12, புதன்

நேர்சரிக்கு மூன்று மொழியிலும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அன்பானவ, சிங்களத்தில்தான் பேசுவா. நான் "கஜு" என்றேன். அவ தலையாட்டி, "ஆ, ரட்டகஜு" என்றா. அங்கேதான் பிடித்தது எனக்குப் பயம். சிங்களத்தில் கச்சானுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பெயர் ரட்டகஜு. கஜு என்றால் கஜு. பிள்ளையைக் கொல்லப் பார்த்தது கஜு. கச்சான் இன்னும் தீர்ப்பாகவில்லை. இந்த வித்தியாசத்தை என் அரைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம். கடைசியில் இரண்டையும் கடதாசியில் கீறிக் காட்டினேன். ஒன்று கோதுக்குள் இரண்டு பருப்பு, மற்றது பழத்தின் அடியில் தொங்கும் கொட்டை.

"பிறந்தநாள் கேக்?" என்று கேட்டா. பட்டர் கேக் சரி, லவ் கேக் வேண்டாம், அதில் கஜு அரைத்துப் போடுவார்கள். ஆனால் எந்த வீட்டில் எந்தக் கத்தியால் வெட்டினார்கள் என்று ஆர் சொல்வது?

ஜூன் 13

கடிதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேலேயே கலர்ப் போட்டிக்கான அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

அம்பியூல் பெட்டியில் 25 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. வெளிச்சமும் ஆகாது. பிரிட்ஜிலும் வைக்க வேண்டாம் என்றார் டொக்டர். இன்று வெளியே 31. நேர்சரி தகரக் கூரை. பிள்ளையின் பைக்குள் எத்தனை பாகை? சின்ன தெர்மோமீற்றர் ஒன்றைப் போட்டு அனுப்பினேன், 33 காட்டி வந்தது. களிமண் கூஜாவில் தண்ணீர் குளிர்வதுபோல ஈரத்துணியில் சுற்றி வைக்கலாமா என்று இரவெல்லாம் யோசனை. பிறகு துணி ஈரத்தில் லேபல் அழிந்துவிட்டால் என்று இன்னொரு யோசனை.

மாம்பழக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் வந்தது. மாவும் கஜுவும் ஒரே குடும்பம் என்று வாசித்துவிட்டுப் பழத்தைக் கையில் வைத்தபடி நின்றேன். பிள்ளை இரண்டு வயதிலிருந்தே மாம்பழம் தின்கிறான். தின்றான். ஏழு நிமிடம் பார்த்தேன். கையெல்லாம் சாறு.

ஜூன் 21, வெள்ளி, பொசன்

தெருவெல்லாம் தன்சல், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தானப் பந்தல்கள். ஒரு பக்கம் அவித்த மரவள்ளி, ஒரு பக்கம் ஐஸ்கிறீம், நீண்ட வரிசை. வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தானம் கொடுப்பவரின் முகத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. ஐஸ்கிறீம் வாளியைப் பார்த்தேன். மேலே ஏதோ தூவியிருந்தது. கச்சானா கஜுவா, தூளாகிவிட்டால் ஆருக்குத் தெரியும். பிள்ளை ரோட்டில் படுத்து அழுதான். மரவள்ளி கொடுத்தேன், சம்பலில்லாமல். தின்னவில்லை. திரும்பி வரும்போது ஒரு அக்கா எங்கள் பின்னாலேயே வந்து ஒரு லைம் யூஸ் கொடுத்துவிட்டுப் போனா.

ஜூன் 22

மூன்று தடவை கனவு. மூன்றிலும் கண்ணாடி நொறுங்குகிறது.

ஜூன் 30, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

அவன் பிறந்தது 2019. நாலாம் மாதத்திலேயே கன்னமெல்லாம் கரப்பான். மூன்று வயதுவரை கச்சான் வாடையே காட்டாதே என்று ஒரு டொக்டர் சொன்னார். நான் காட்டவில்லை. கீழ்ப்படிந்த நல்ல தாய். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் 2000இல் அப்படிச் சொல்லி 2008லேயே திரும்பப் பெற்றுக்கொண்ட ஆலோசனை அது. 2015இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள். நாலு மாதத்துக்கும் பதினொரு மாதத்துக்கும் இடையில் தொடங்கிக் கச்சான் கொடுத்தவர்களில் ஐந்து வயதில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் கச்சான் ஒவ்வாமை. தவிர்த்தவர்களில் பதினேழு. இதெல்லாம் வந்து நாலு வருடத்துக்குப் பிறகுதான் எனக்கு அந்த ஆலோசனை கிடைத்தது.

இவர் சொல்கிறார், அது கச்சான் ஆய்வு, எங்கள் பிள்ளையை விழுத்தியது கஜு, இரண்டையும் குழப்பாதே. சரிதான். ஆனால் ஏப்ரலில் ஒவ்வாமைச் சோதனைக்குக் கையில் சொட்டுச் சொட்டாக வைத்துக் கீறியபோது கச்சான் இடமும் தடித்தது. கஜு 9 மில்லிமீற்றர், கச்சான் 4. மூன்றுக்கு மேலே போனால் கணக்கு. தடித்தால் உடம்புக்கு அதைத் தெரிந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், தின்றால் என்னாகும் என்று தின்ன வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் இந்த டொக்டர். ஆஸ்பத்திரியில், ஒரு நாள் முழுக்க. ஜூலை 9.

ஜூலை 3, புதன்

சொறிக்குக் கொடுக்கும் செட்டிரிசின் நிறுத்தி இரண்டாம் நாள். சோதனைக்கு முன் ஒரு வாரம் கொடுக்கக் கூடாது. இரவு முழுக்கச் சொறிகிறான். காலுறையைக் கையில் மாட்டிவிட்டேன். "அம்மா, எறும்பு" என்கிறான் தூக்கத்தில்.

ஜூலை 8

மூக்குச்சளி. மார்பில் இழுப்புச் சத்தம். போன் எடுத்துச் சொன்னேன். தொய்வு இருக்கும்போது செய்ய மாட்டார்களாம், 25க்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு வாரச் சொறி வீண்.

ஜூலை 9

வெறுப்பு.

ஜூலை 14, ஞாயிறு

லண்டனிலிருந்து தம்பி ஆரிடமோ கொடுத்துவிட்ட அட்ரினலின் ஊசிப் பேனாக்கள் வந்தன, இரண்டு. இங்கே நான் போன பார்மசிகளில் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னார்கள். 0.15 என்று அச்சடித்தே வந்திருக்கிறது, நகப்பூச்சு வேண்டாம். மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கம் அழுத்திப் பிடித்தால் போதும், உடுப்புக்கு மேலாலேயே. மாமிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்குப் பழக்கித் தா" என்றா.

பயிற்சிப் பேனாவை அவவின் சேலைக்கு மேலாலேயே அழுத்தினேன். சிரித்தா. பிறகு தானே எடுத்து என் தொடையில் அழுத்திப் பத்துவரை எண்ணினா.

ஜூலை 25, வியாழன்

8.40 முதல் அளவு. கச்சான் மா இதரை வாழைப்பழத்தில் பிசைந்தது, கடுகளவு. கட்டிலருகே அட்ரினலின் இழுத்தபடி தயாராய்.
9.00 ஒன்றுமில்லை.
9.20 ஒன்றுமில்லை. கார்ட்டூன்.
9.40 இடது காதைத் தேய்க்கிறான். நேர்ஸ் டொக்டரைக் கூப்பிட்டா. சட்டை தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். காத்திருப்போம் என்றார்.
10.10 காதில் ஹெட்போன் பட்ட அடையாளம்.
10.15 ஐந்தாவது.
10.35 ஆறாவது. ஒரு தேக்கரண்டிக்கு மேல். நான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்து நின்றேன்.

ஜூலை 26

இரண்டு மணிநேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கச்சான் சரி. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், விட்டால் திரும்ப வரலாம். கஜு கிடையாது, பிஸ்தா கிடையாது.

இவர் இனிப்பு வாங்கப் போனார். வாசலில் வைத்து லேபல் கேட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

கடையில் வறுத்த கச்சான் வாங்க முடியாது, அதே சட்டியில்தான் கஜுவும் வறுபடும். கோதோடு பச்சையாக வாங்கி வந்து மாமி வறுத்தா, மணலில். வீடெல்லாம் மணம். ஐந்து வருடமாக இந்த வீட்டில் இல்லாத மணம். அரைத்து வாழைப்பழத்தில் பிசைந்து கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் நீட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தின்றானே, கண்ணால் பார்த்தாயே என்று இவர். பார்த்தேன்தான்.

மாமி கரண்டியை வாங்கினா.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 6

15.9 கிலோ. கோட்டை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும்.