நாய்க்கடி: 0, 3, 7, 28

2025 ஜூன் 2
நாய் கடித்தால் தடுப்பூசி நான்கு தவணை: 0, 3, 7, 28-ஆம் நாள். முதல் ஊசி போடும் நாள்தான் கணக்கில் 0. அதற்கும் முந்தியது தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைக் குலைத்துவிடும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம், புண்தான் ரணமாகும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் மூன்றாம் வகைக் கடி. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும், அதாவது வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள். குதிரை சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 30 கிலோ பிள்ளைக்கு 1,200, மி.லி.க்கு 300 யூனிட் உள்ள குப்பியில் 4 மி.லி. புண்ணுக்குள்ளும் சுற்றிலும் இறக்க வேண்டும். வைரஸ் கிடப்பது அங்கேதான். வேறெங்கோ தசையில் போட்டு அனுப்பினால் பிள்ளைக்குப் பாதுகாப்புக் குறைவு. கடி பல இடத்தில் இருந்தால் சலைன் (உப்பு நீர்) கலந்து அளவைப் பெருக்கலாம். யூனிட்டைக் கூட்டக் கூடாது, தடுப்பூசியின் வேலையை அது மட்டுப்படுத்தும்.

ஜூன் 5
இரண்டாம் தவணைத் தடுப்பூசி. இரண்டு தோளிலும் தலா 0.1 மி.லி., தோலுக்குள். ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னக் கொப்புளம் எழ வேண்டும். எழவில்லையென்றால் மருந்து ஆழமாக இறங்கிவிட்டது. பக்கத்தில் மறுபடி போடுங்கள். புட்டத்தில் போடவே கூடாது, கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது. கரைத்த குப்பி 2 முதல் 8 டிகிரியில், 8 மணி நேரத்துக்குள் தீர வேண்டும்.

‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்ற பயம் இன்னும் போகவில்லை. அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. இப்போது கிடையாது.

ஜூன் 9
சீரம் விட்டுப்போனவர்களுக்கு இன்றே கடைசி வாய்ப்பு. முதல் ஊசியிலிருந்து 7 நாள் தாண்டினால் உடம்பே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கிவிடும். அதுவரையுள்ள இடைவெளிக்குத்தான் சீரம். வைரஸ் தசையிலிருந்து நரம்பில் ஏறி, மெல்ல மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். முகத்தில் கடித்தால் தூரம் குறைவு, நாளும் குறைவு. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிய பிறகு காப்பாற்ற முடிவதில்லை.

ஜூன் 12
கடித்து 10 நாள். நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஊசி தொடங்கலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள்.

ஜூன் 30
நான்காம் தவணை. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மறுபடி கடித்தால் 0, 3 இரண்டு நாள் ஊசி போதும், சீரம் தேவையில்லை. சோப்பும் 15 நிமிடமும் அப்போதும் உண்டு.